ஒரு பெரட்டும் விடாமல்

மாட்டு டாக்டர் ஞானவேல் கால்சியம் பாட்டிலைப் பையில் வைப்பதில்லை. சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில், வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்வார். கொடைக்கானல் குளிரில் பாட்டில் சில்லிட்டுப்போகும். அப்படியே நரம்பில் ஏற்றினால் மாடு தாங்காது. அதனால் மழைக்காலம் முழுவதும் அவர் வயிறு பெருத்த மனிதராக மலைப்பாதையில் போய்க்கொண்டிருப்பார். "டாக்டருக்கு இது எத்தனையாவது மாசம்?" என்று பூண்டியில் களையெடுக்கும் பெண்கள் கத்துவார்கள். அவர் நின்று சிரிக்கமாட்டார். நடந்துகொண்டே சிரிப்பார்.

1971இல் மலைக்கு வந்தவர். டவுனிலிருந்து கிளாவரை வரைக்கும் அவர் ஒருவர்தான். ஜீப் கிடையாது. காய்கறி லாரி, அதுவும் இல்லையென்றால் கால். ஒரு தொழுவத்தில் குனிந்திருக்கும்போதே அடுத்த ஊர் மாடு அவர் தலைக்குள் கத்த ஆரம்பித்துவிடும். கொடுத்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுவார். பேச்சையும் பாதியில்தான் விடுவார்.

1978, கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளங்கிப் பக்கம் சிலோனிலிருந்து வந்தவர்களின் குடியிருப்பில் அமிர்தவல்லியின் மாடு படுத்துவிட்டது. அமிர்தவல்லியும் அவள் புருஷன் நல்லையாவும் அங்கே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். இங்கே காட்டில் மரக்கன்று நடும் கூலி வேலை. மாடு அரசாங்கம் கொடுத்தது. முந்தின நாள்தான் கன்று போட்டிருந்தது. கழுத்தை மடக்கி விலாவில் சாய்த்துக்கொண்டு கிடந்தது. காது ஐஸ் மாதிரி இருந்தது.

"இது எந்திரிச்சிருச்சுன்னா நான் இனிமே எவன் முன்னாலயும் வரிசையில நிக்க வேணாங்கய்யா. பால ஊத்திப் பொழைச்சுக்குவேன்" என்றாள் அமிர்தவல்லி.

டாக்டர் முக்கால் மணி நேரம் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து மெதுவாக ஏற்றினார். மாட்டின் காதில் சூடு வந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. அதற்குள் மேலே ரோட்டில் லாரி ஹாரன் அடித்தது. பூண்டியில் பெரியண்ணன் என்பவரின் பொதிக்குதிரை சரிவில் உருண்டு தொடை கிழிந்து கிடந்தது. அதற்குத் தையல் போட வேண்டும்.

மருந்து செய்யவேண்டியதைச் செய்துவிட்டது. இனி மாட்டை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மறுபக்கம் புரட்டிப் போட வேண்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் அடியில் அமுங்கிய கால் மரத்து, பிறகு எழவே எழாது. இதைத்தான் டாக்டர் மேட்டில் ஏறி ஓடிக்கொண்டே சொன்னார்.

"ஒரு பெரட்டுகூட விட்றாத தாயி! விட்டா மாடு ஒனக்கில்ல!"

"சரிங்கய்யா" என்றாள் அவள்.

மேல்மலைக் குடியானவர்களிடம் ஏழு வருஷமாக அவர் அவ்வளவுதான் சொல்லிவந்தார். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பி வந்தார். நல்லையாவும் அமிர்தவல்லியும் அப்போதுதான் வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மாடு அதே இடத்தில் கிடந்தது.

"பெரட்டு விடலையே?"

"ஒண்ணுகூட விடலைங்கய்யா. ரெண்டு பேருமே" என்றாள்.

டாக்டர் மாட்டின் பக்கத்தில் குந்தினார். அப்படியென்றால் தப்பு தன்னுடையது. கன்று வரும்போது இடுப்பெலும்பு விலகியிருக்குமோ? மருந்து போதவில்லையோ? இடுப்பை அழுத்திப் பார்த்தார். கண்ணை விரித்துப் பார்த்தார். பையைத் திறந்தார், மூடினார், திறந்தார். கடைசியில் மாட்டின் அடிவயிற்றுக்குக் கீழே கையை விட்டபோதுதான் தெரிந்தது. இடது பக்கம் முழுக்க மூத்திரத்தில் ஊறிக் கிடந்தது. வலது பக்கத்தில் ஒரு வைக்கோல் துரும்புகூட ஒட்டவில்லை.

"யாருகிட்ட பொய் சொல்லுற?" என்று கத்தினார். "ஒரு தடவகூடப் பெரட்டல. மாடு ஒரே பக்கமா கெடக்கு!"

அமிர்தவல்லியின் முகம் சிவந்தது. இடுப்பிலிருந்து ஒரு சீட்டை உருவி அவர் முன்னால் நீட்டினாள்.

"பொய்யா? மேஸ்திரி புள்ளி போட்டிருக்காரு, பாருங்க. மாட்ட இப்பிடிப் போட்டுட்டுப் போக எனக்கு வயித்த எரிஞ்சுச்சு. நீங்க சொன்னீங்கன்னுதானே போனோம்!"

"நான் எங்க போகச் சொன்னேன்?"

"பெரட்டு விடாதன்னு சொல்லல? விட்டா மாடு ஒனக்கில்லன்னு சொல்லல? மாடு குடுத்த ஆபீசரும் அதையேதான் சொன்னாரு. வேலைக்கு ஒழுங்காப் போவாதவங்க மாட்டப் புடிச்சுக்கிட்டுப் போயிருவோம்னாரு."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்லையாதான் மெல்லச் சொன்னான். "தோட்டத்துல விடியக்காலம் எல்லாரையும் களத்துல நிக்க வச்சுப் பேரு கூப்புடுவாங்கய்யா. அதுக்குப் பேருதான் பெரட்டு. வேலைக்கு ஆள் பிரிக்கிறது. இங்க மேஸ்திரி விசில் அடிக்கிறதையும் நாங்க அப்பிடித்தான் சொல்றது."

டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மாட்டப் பெரட்டுறதச் சொன்னேன்" என்றார். "திருப்பிப் போடுறத."

"ரெண்டு மணிக்கொருக்கா திருப்பிப் போடுன்னு வாயத் தொறந்து சொல்லியிருந்தா நாங்க செய்யாமயா இருந்திருப்போம்? சொல்லலியே, அய்யா!"

"சொல்லல."

மேலே லாரி ஹாரன் அடித்தது. டிரைவர் கையைக் குவித்துக் கூப்பிட்டார். "டாக்டர! கிளாவரைல பழனிமுத்து குதிரைக்கு வயிறு உப்பிக் கெடக்காம். வெரசா வாங்க!"

டாக்டரின் கால் தானாகத் திரும்பியது. இரண்டு எட்டு மேட்டில் ஏறிவிட்டார். அங்கிருந்து மாட்டைப் பார்த்தார். இனி வெறுமனே புரட்டிப் போட்டால் போதாது, கூடவே இருந்து காலைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் விடிவதற்குள் கால் போய்விடும். லாரியைப் பார்த்து, போகச் சொல்லிக் கையை ஆட்டினார். இறங்கி வந்து ஷூவைக் கழற்றினார்.

மூவரும் கயிறு போட்டுப் புரட்டினார்கள். சாக்கை முட்டுக்கொடுத்து, உப்பை வறுத்துத் துணியில் கட்டி இடது தொடையில் ஒத்தடம் கொடுத்தார்கள். குளம்பு இடுக்கில் டாக்டர் நகத்தால் கிள்ளினார். கால் அசையவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி புரட்டினார்கள். மறுபடி கிள்ளினார். இடையில் வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்ப்பார், வருவார், போவார். "இருங்களேன் அய்யா, தேத்தண்ணியாவது குடிங்க" என்று நல்லையா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனான். ஆறாவது தடவை கிள்ளியபோது கால் வெடுக்கென்று உதறியது.

விடியலில் மேஸ்திரியின் விசில் கேட்டது. நல்லையா மட்டும் கிளம்பினான். பாதையிலிருந்து பக்கத்து வீட்டு வீரம்மா கூப்பிட்டாள். "ஏய் அமிர்தம், பெரட்டுக்கு நேரமாச்சு!"

"இங்கயும் பெரட்டுதான்டி. நீ போ" என்றாள் அமிர்தவல்லி, கயிற்றை விடாமல்.

வெயில் தொழுவத்துக்குள் வந்தபோது மாடு பின்பக்கத்தைத் தூக்கியது. விழுந்தது. மறுபடி தூக்கியது. டாக்டர் வாலைப் பிடித்துத் தாங்க, அமிர்தவல்லி தோளைக் கொடுக்க, நாலு காலில் நின்றது. இடது காலை ஊன்றாமல், நடுங்கிக்கொண்டு நின்றது. அமிர்தவல்லி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நின்னுச்சு, நின்னுச்சு" என்றாள். டாக்டர் அதற்குள் ஷூவை மாட்டிவிட்டார்.

அன்று சாயங்காலம் கிளாவரை போய்ச் சேர்ந்தார். குதிரையைப் புதைத்துவிட்டிருந்தார்கள். பழனிமுத்து காப்பியோடு வந்தார். "காப்பி குடிங்க டாக்டர" என்றார். அந்தக் காப்பியை டாக்டர் பாதியில் வைக்கவில்லை. கடைசிவரை குடித்தார்.

1984இல் மாற்றலாகும்வரை ஞானவேல் அதே மலையில்தான் ஓடினார். லாரி எத்தனை ஹாரன் அடித்தாலும், "நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு" என்று கேட்காமல் எந்தத் தொழுவத்தையும் விட்டு வெளியே வரமாட்டார். கேட்கும்போதே கால் மட்டும் வாசலுக்கு வெளியே இருக்கும். அமிர்தவல்லி அதன் பிறகு வரிசையில் நிற்கவில்லை. மாடு இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடந்தது, பாலுக்குக் குறையில்லை. அவர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், சொன்னதைத் திருப்பிச் சொல்வதற்கு முன்னால், அவள் ஒன்று கேட்பாள்.

"ஒங்க பெரட்டா, எங்க பெரட்டாங்கய்யா?"