சொல்லிக்கொள்ளாமல்

துக்கம் விசாரிக்க வந்த பருப்புக்கடைத் திரவியம் அண்ணாச்சி, மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். இழவு வீட்டில் ‘போயிட்டு வாறேன்’ என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. ஷில்பாவுக்கு அது பழகிவிட்டது. பக்கத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தால் எதிரே நாற்காலி காலியாக இருக்கும்.

மடியில் சமூகவியல் நுழைவுத்தேர்வுப் புத்தகம். டெல்லியில் எம்.ஏ. படிக்க அவளுக்கு ஆசை. அவளைவிட அப்பா சிவதாணுவுக்கு. சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்தவர், பரீட்சை எழுதும் முன்பே ‘எம்மக டெல்லிக்குப் போறா’ என்று மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களிடமெல்லாம் பீற்றிவிட்டார். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்த வாக்கிலேயே போய்ச் சேர்ந்தார். புத்தகத்தில் மரணச் சடங்குகளுக்கென்றே ஓர் அத்தியாயம் இருந்தது. தீட்டு, விலக்கம், மறுபடி சேர்த்துக்கொள்ளல். அவள் அடிக்கோடு போட்டாள். யார் வீட்டிலோ யாரோ செத்ததுபோல இருந்தது. இதுவரை ஒரு சொட்டு அழவில்லை. உறவில் அதற்கும் பேச்சு வந்தாயிற்று. அவளுக்கே பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயமும் மரத்துப்போன காலில் கிள்ளியதுபோலத்தான்.

பரீட்சை, பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள்.

“தீட்டு கழியாம படியிறங்கப்பிடாது மோளே,” என்றார் கோலப்பன் மாமா, அம்மாவின் அண்ணன். “சாரமில்ல, போனாப் போவுது, அடுத்த வருஷம் எழுதலாம்.”

அடுத்த வருஷத்துக்குள் மாமா மாப்பிள்ளை பார்த்து முடித்திருப்பார். நல்ல மனிதர், நல்லதுதான் செய்வார், அதுதான் வினை. ஷில்பா அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

“அவ போயி எழுதட்டும் அண்ணே.”

உள்ளறையிலிருந்து அம்மா சரஸ்வதி. அப்பா போனபிறகு அவள் முழுதாகப் பேசியது அதுதான். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பரீட்சையன்று காலையில் அம்மா கண்ணிலேயே படவில்லை. அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. நல்ல காரியத்துக்குக் கிளம்பும் பெண்ணின் எதிரே, தாலி இறங்கியவள் வரக்கூடாதாம். அதற்குத்தான் ஒளிந்திருக்கிறாள். ஷில்பா ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டாள், செருப்பைப் போட்டாள், படியிறங்கினாள். ஆட்டோ நின்றிருந்தது.

“ஷில்பா!” உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. “என்னட்டி, துட்டி கேட்டுட்டுப் போறவ மாதிரி போற? இது உன் வீடாக்கும். சொல்லிட்டுப் போ.”

அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் போன மாதிரியே அவளும் போயிருக்கிறாள்.

இறங்கிய படியில் மறுபடி ஏறக்கூடாதென்று மாமா உச்சுக்கொட்டினார். ஷில்பா ஏறினாள். செருப்போடு போய் அறைக்கதவைத் தள்ளினாள். அம்மா சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

“முன்னால வாம்மா.”

“வேண்டாம் மக்களே, நல்ல காரியமாட்டு போற…”

“நீ வந்து நின்னாத்தான் சொல்லுவேன்.”

வாசல்வரை கையைப் பிடித்து அழைத்து வந்தாள். வெயிலில் அம்மாவின் வெறும் நெற்றியை அவள் பார்ப்பது இதுவே முதல் தடவை. படியிறங்கித் திரும்பினாள்.

“போயிட்டு…”

கடைசியாகக் கடைக்குக் கிளம்பிய காலையில், அப்பாவும் இதே படியில் நின்று இதையேதான் சொன்னார். ஷில்பா ஹால் டிக்கெட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள். ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒரு சொல்லுக்காக நின்றாள்.