வெடிப்புப் பார்க்க வந்த மெல்ரொய் சேர்

விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்து வந்த கையோடு ஆதம்பாவா சாந்து குழைக்கத் தொடங்கிவிட்டார். முன் அறை ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரைக்கும் சரிவாக ஓடிய வெடிப்பில் சுண்டுவிரல் நுழையும். அதை அடைத்து, தேய்த்து, ஈரம் காயுமுன்பே வெள்ளைப் பெயின்ற்றும் அடித்து முடித்தபோது எட்டு மணி. முப்பது வருஷம் மேசன் வேலை செய்த கை சும்மாவா? வெடிப்பு எங்கே இருந்ததென்று அவரே இனித் தேட வேண்டும்.

மனைவி சுல்பிகா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து சுவரைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"வெடிப்பப் பாக்கத்தானே சேரக் கூப்பிட்டிங்க?"

"ஓம். அதுக்காக மனிசன் வாசல்ல கால் வெக்கக்குள்ளயே வெடிப்புத்தான் கண்ணுல படணுமா? ஊருக்கெல்லாம் வீடு கட்டுற மேசன்ட வீடு இது!"

"பொண்ணு பாக்க வாறாங்க எண்டு நெனச்சிட்டிங்க போல."

கல்யாணம் என்னவோ பேசி முடித்ததுதான். இளைய மகள் அப்னாவுக்குப் பார்த்த மாப்பிள்ளை இன்ஸாப், ஒலுவில் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துபவன். தங்கமான பொடியன். ஆனால் இந்தக் கரையில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் நிக்காஹ் நடக்காது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். கட்டிய இந்த ஒரே வீட்டை மூத்தவள் றிப்னாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஆதம்பாவாவும் சுல்பிகாவும் அப்னாவும் பின்வளவில் ஒற்றைச் சாய்ப்பாக இறக்கிய தகரப் பத்தியில் இருந்தார்கள். வேறு காணி கிடையாது. அதனால் றிப்னாவின் வீட்டுக்கு மேலே அப்னாவுக்கு ஒரு மாடி எடுப்பதென்று முடிவு. அனுமதி கேட்டுப் போட, கீழ்வீடு பாரம் தாங்கும் என்று படித்தவர் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

அந்தக் கையெழுத்துக்குத்தான் மெல்ரொய் சேர். கல்முனை மெதடிஸ்த கோயிலடியில் வீடு. கட்டட அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். ஆதம்பாவாவோடு இருபது வருஷம் கட்டட வேலைகளில் வெயில் காய்ந்தவர்.

ஒன்பது மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய சேர், முன் அறையில் பெயின்ற் வாடைக்கு மூக்கைச் சுருக்கினார். ஜன்னலடிக்குப் போய்ச் சுவரை நகத்தால் கீறினார். நகம் வெள்ளையானது.

"ஆதம்பாவாக் காக்கா, டொக்டரிட்டப் போக முதல் புண்ணுக்குப் பவுடர் பூசின ஆள நான் இப்பத்தான் பாக்கிறன்!"

சுல்பிகா முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். ஆதம்பாவாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அலவாங்கு கிடக்கா?" என்றார் சேர்.

சுவரடியில் ஆதம்பாவாவே அந்த இரும்புக் கம்பியால் குத்தித் தோண்டினார். இரண்டடியில் அத்திவாரம் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே கறுத்த வயல் மண், சேற்று வாடையோடு.

"இது ஆர் போட்ட அத்திவாரம்?"

ஆதம்பாவா அலவாங்கைக் கை மாற்றிப் பிடித்தார். "நான்தான் சேர்."

"நீங்களா? அக்கரைப்பற்றுக் கடைக்கு அத்திவாரம் ஒரு அடி கொறையுதெண்டு என்னோட சண்டை பிடிச்ச ஆளா?"

"றிப்னாட மாப்பிள்ள வீட்டாக்கள் ரெண்டு மாசம்தான் தவண தந்தாங்க. பகலெல்லாம் மத்தாக்கள்ட வேல. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகுதான் எண்ட வீடு. மண் போட்டு நெரப்பின வயல், ஒரு மாரி மழையாவது போகவிட்டு இறுகினாப் பொறகு கட்டிருக்கணும். தெரியாமச் செய்யல்ல சேர், தெரிஞ்சிதான் செஞ்சன்." அவருடைய குரல் இறங்கிவிட்டது.

சேர் கேலியை விட்டார். "இதுக்கு மேல ஒரு கல்லும் வைக்கேலாது. மேலயும் பிள்ள, கீழயும் பிள்ள. நான் கையெழுத்து வைக்க மாட்டன். கீழ்வீட்டுக்குப் பயமில்ல. கூரைத் தண்ணி முழுக்கச் சுவரடியிலதானே விழுது? கூரை விளிம்புக்குப் பீலி போட்டு, தண்ணிய வாய்க்கால் எடுத்து அங்கால விடுங்க. மறுகா இந்தப் பூச்சக் கொத்திப்போட்டுக் கம்பி வலை வைச்சுப் பூசுங்க. வெடிப்பு அதோட நிக்கும்."

வெடிப்பு நிற்கும், கல்யாணமும் நின்றுவிடுமே! சுல்பிகா வாசற்படியில் குந்திவிட்டாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து அப்னாவின் குரல் வந்தது. "அப்ப நான் அவங்கட வீட்ட போய் இரிக்கனே."

"அல்லாஹ்வே! வாயப் பொத்து புள்ள. ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே உம்மா. வீடு இடிஞ்சி மேல விழுறத்த விடச் சிரிப்பு நல்லந்தானே."

சேருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அலவாங்கை வாங்கிக்கொண்டு வளவைச் சுற்றி ஒவ்வோர் இடமாகக் குத்திப் பார்த்தபடி போனார். பக்கத்து வளவு வேலிவரை அலவாங்கு பொதுக்கென்று இறங்கியது. பின்னால், தகரப் பத்தியடியில், கையை உதறிக்கொண்டு எகிறியது. இன்னும் நாலு இடத்தில் குத்தினார். அங்கேயும் அப்படித்தான்.

"காக்கா, இது வயலில்லையே!"

"இல்ல சேர். இது பழைய தென்னங்காணி. மேடு."

"பின்னென்ன! பத்தியக் கழட்டிப்போட்டு இதில கட்டுங்க. நாலடி தோண்டி, கொங்கிறீட் தூணோட. கையெழுத்து நான் வைப்பன். ஆனா ஆறு மாசம் எடுக்கோணும். தண்ணி ஊத்தி ஊத்தி இறுகவிடோணும். அவசரப்பட்டா அடுத்த வெடிப்புக்கும் என்னத்தான் கூப்பிடுவீங்க."

நிக்காஹ் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு. அதற்கு இரண்டு மாதம்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டில் தவணை கேட்பதா? ஆதம்பாவா மாட்டேனென்று தலையாட்டினார். சேர் விடவில்லை, போனை எடுத்துக் கையில் கொடுத்தார்.

இன்ஸாபின் உம்மா ஸகியாவோடு ஆதம்பாவா எழுந்து நின்றே கதைத்தார். மூன்று தரம் செருமினார். "ஓம்... ஓம்... இன்ஷா அல்லாஹ்... ஓம்." வைத்துவிட்டுத் திரும்பியபோது முகமெல்லாம் பல்.

"ஆறு மாசம் எடுக்கட்டாம்!"

கதவுக்குப் பின்னால் அப்னா துள்ளிய சத்தம் கேட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்! வேற என்ன சொன்னா?" என்றாள் சுல்பிகா.

"என்னத்தச் சொல்ற. தவண கூடக் கெடச்சிரிக்கித்தானே, அதால நெலம் முழுக்க டைல்ஸ் பதிச்சி, குளிக்கிற அறைய உள்ளுக்க வெச்சி, முன்னால வாகனம் விடுறத்துக்கும் ஒரு கொட்டில் இறக்கட்டாம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மெல்ரொய் சேர் சுல்பிகா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

ஆதம்பாவாவுக்கு இனி ஒரு நிமிஷமும் பொறுக்காது. நூல்கட்டையும் முளைகளையும் எடுத்து வந்து, சேர் சொல்லச் சொல்ல அளந்தார். மூன்று முளைகள் வளவில் இறங்கின. நாலாவது மூலை பத்திக்குள் விழுந்தது. நூலைப் பிடித்தபடி உள்ளே குனிந்து நுழைந்தார்.

"இஞ்ச பாருங்க, அப்ப நாம எங்க படுக்கிற?" சுல்பிகா பின்னாலேயே வந்து கேட்டாள்.

"வேலியோரமா ரெண்டு தகரத்தச் சாத்தினா முடிஞ்சிது. அப்னா அதுவரைக்கும் றிப்னாவோட படுப்பா. நம்ம ரெண்டு பேருக்கு எத்தன அடி வேணும்?"

"அது நிரப்பின மண் காக்கா," என்றார் சேர் வெளியிலிருந்து. "மாரியில தண்ணி நிக்கும்."

"பத்திக்கு என்னத்துக்கு சேர் அத்திவாரம்!"

சிரித்துக்கொண்டே பாயைச் சுருட்டினார். தலையணையை எடுத்து சுல்பிகாவின் கையில் கொடுத்துவிட்டு, அது கிடந்த மணல் தரையில் முளையை வைத்து அடித்தார். நூலை இழுத்துக் கட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மூலை சரியாக இருந்தது.