சன்னலோர முறை

"சித்தி, ஊருக்கெல்லாம் திரை தைக்கிறீங்களே, உங்க சன்னலுக்கு மட்டும் ஏன் திரையே இல்ல?"

அக்கா மகள் ஆறு வயதில் கேட்டது. "தெருவுல இலவசமா படம் ஓடுது. யாராவது மறைப்பாங்களா?" என்று திரைக்காரி சிரித்து மழுப்பினாள். அன்றைக்கு அது வெறும் வேடிக்கைப் பேச்சு. அக்கா பேசாமல் போன இந்த ஒன்பது வருடங்களில் வேறு பதில் சேர்ந்துவிட்டது. அக்கா தெருமுனை திரும்பினால், வந்து வைக்கும் முதல் அடியே இவள் கண்ணில் பட வேண்டும்.

சண்டைக்குக் காரணம் பெரிதில்லை. திரை தைக்கும் கம்பெனி வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் தைக்கப்போகிறேன் என்றாள் இவள். "நாளைக்கு நடுத்தெருவுல நின்னா என்கிட்ட வராதே" என்றாள் அக்கா. "நடுத்தெருவுல நின்னாத்தான் நாலு பேர் முகம் தெரியும்" என்று இவள் வாயை விட்டாள். அதோடு போயிற்று.

அளவெடுக்கப் போகிற வீட்டில் இவள் முதலில் டேப்பை எடுக்க மாட்டாள். யார் எங்கே படுப்பார்கள் என்று கேட்டு, அந்தக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வாள்.

"இந்தம்மா தைக்க வந்துச்சா, தூங்க வந்துச்சா?" என்பார்கள்.

"சன்னலை அளக்க டேப் போதும் சார். உங்க கண்ணு போற தூரத்தைப் படுத்தாத்தான் அளக்க முடியும். கண்ணு முழிச்சதும் வெளிய ஒரு தடவை பார்க்காத நாளெல்லாம் ஒரு நாளா?"

போன வாரம், இப்போது வளர்ந்து தனி வீட்டில் இருக்கும் அக்கா மகள் போனில் கூப்பிட்டாள். "அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆயிருக்கு சித்தி. இனி என்கூடத்தான். மூணு மாசம் படுக்கை. ரூமுக்கு அவசரமா திரை வேணும், அளவை நானே அனுப்பறேன்."

"அம்மா என்னைப் பத்தி ஏதாவது..."

"சொல்லல சித்தி. நானாத்தான் கூப்பிடறேன்."

"பொய் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்டி."

வாழ்க்கையில் முதல்முறையாகப் படுத்துப் பார்க்காமல் தைத்தாள். மாட்டப் போன அன்று அக்கா மகள் வாசலில் அவசரமாகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். "ஆஸ்பத்திரியிலேருந்து அம்மாவைக் கூட்டிட்டு வந்துடறேன். இருக்க முடிஞ்சா இருங்க சித்தி. இல்லேன்னா சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில வெச்சிடுங்க."

திரைக்காரி இருப்பதிலேயே நல்ல உடுப்பை உடுத்தி வந்திருந்தாள்.

திரையை மாட்டிவிட்டு, பழக்கம் விடாமல் கட்டிலில் படுத்தாள். கண் நேராகப் போய் அலமாரிக் கதவில் முட்டியது. கட்டில் உள்சுவரை ஒட்டிக் கிடந்தது. சன்னல் தலைக்குப் பின்னால்.

சின்ன வயதில் இரண்டு பேருக்கும் ஒரே அறை. சன்னலோரப் படுக்கை வாரத்துக்கு ஒருத்தி என்று முறை. இவள் கால் முறிந்து கிடந்த வருடம் அக்கா தன் முறையை எல்லாம் விட்டுக்கொடுத்தாள். "எழுந்து நடந்தப்புறம் மொத்தமா திருப்பிக் கொடுடி" என்றாள். இவள் எழுந்து நடந்த மாதமே அக்காவுக்குக் கல்யாணமாகி, அந்த அறையை விட்டே போய்விட்டாள்.

திரைக்காரி எழுந்தாள். தரை கீறாமலிருக்கக் கட்டில் காலுக்கெல்லாம் அடியில் வெட்டுத்துணியைச் சுருட்டிக் கொடுத்தாள். "கடவுளே, கொஞ்சம் கை கொடு" என்று தள்ளினாள். கனமான கட்டில் முனகிக்கொண்டே சன்னல் வரை நகர்ந்தது. மறுபடி படுத்தாள். பஸ் நிறுத்தம், பள்ளிக்கூட வாசல், யாருக்கோ கையாட்டும் ஒரு பெண். படுத்தபடியே வலது கைக்கு எட்டுகிற மாதிரி திரைக்கயிற்றை நீட்டிக் கட்டினாள்.

இருக்கலாமா? ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்தால் போதும். நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். வலியோடு வருகிறவள். வந்ததும் வராததுமாகத் தங்கையிடம் கோபப்படுவதா, சிரிப்பதா என்று அவளைத் தவிக்க விடுவானேன்?

தலையணையில் பதிந்திருந்த தன் தலைக்குழியைத் தட்டிச் சமமாக்கினாள். வெட்டுத்துணிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.