பற்ற வைக்கிற கை

ஒச்சாண்டி பெரியவர் குழாயில் ஊதியதும், மூச்சில் புகையை அளக்கும் மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்து எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. முடக்குவாதம் வந்தவர்களைப் பீடி சிகரெட்டிலிருந்து மீட்பதுதான் தேனி ஆஸ்பத்திரி ஒன்றில் என் வேலை. பொய் சொல்கிறவர்களுக்கு இந்த மகிமா சிஸ்டர் என்றால் கொஞ்சம் பயம்தான்.

"பீடியத் தொடலன்னு போன தடவ சத்தியம் பண்ணீகளே! மூச்செல்லாம் பொகையா இருக்கு. இப்படிக் குடிச்சா மாத்திர எப்படிய்யா வேல செய்யும்? இந்தக் கையும் மடங்கிப் போச்சுன்னா ஒரு வாய் சோறு அள்ளித் திங்க முடியாது, தெரியும்ல?"

அவர் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார். இடது கை ஏற்கெனவே மடங்கி இறுகிவிட்டது. வலது கையில் முட்டிகள் வீங்கி, விரல்கள் கோணியிருந்தன.

"இத வச்சுத் தீக்குச்சி ஒரச முடியுமா தாயி? எம் பொண்டாட்டிதேன் பத்த வச்சுக் குடுக்குறா."

இதெல்லாம் நான் தினமும் கேட்கிற கதை. குடிக்கிறவரை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை. எடுத்துக் கொடுக்கிற கையையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். அதுதான் எங்கள் முறை.

"அப்ப அடுத்த தடவ அவுகளையும் கூட்டிட்டு வாங்க. நான் பேசிக்கிறேன்."

கூட வந்திருந்த மருமகள் சினேகாவின் முகம் வெளிறிப்போனது. "மேடம், அத்தை மாசியிலயே தவறிட்டாக" என்றாள் மெதுவாக.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பெரியவரோ கொஞ்சமும் அசரவில்லை.

"இம்புட்டுத் தூரம் பஸ்ஸுல வருவாளான்னு தெரியல. நீங்க வேணா வீட்டுக்கு வாங்க."

நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். பேய் கீய் என்றால் அம்மா வாயிலேயே போடுவாள். ஆனாலும் போனேன். சினேகாதான் பாவம் பார்த்துப் பற்ற வைத்துக் கொடுக்கிறாள், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஆடி மாதம். பெரியவர் ஊரான கடமலைக்குண்டில் பட்டப்பகலில் காற்று ஆளைத் தள்ளியது. கொல்லைப்புறத்து முருங்கை மரத்தடியில் பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாகக் கிடந்தது. வீட்டில் தீப்பெட்டியே வைப்பதில்லை, அடுப்புக்குக்கூட லைட்டர்தான் என்று சினேகா என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

திரும்பினேன். பெரியவர் வாயில் பீடி கனன்றது. அவர் கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. பாய்ந்துபோய்ப் பீடியைப் பிடுங்கினேன். வாயில் வைக்கிற நுனி ஈரமாகச் சிவந்திருந்தது. வெற்றிலைச் சாறு.

"மாமா வெத்தலயே போட மாட்டாக மேடம்." சினேகா என் தோளை இறுகப் பற்றினாள். "அத்ததேன் போடுவாக. ஒரு இழுப்பு இழுத்துப் பத்த வச்சுத்தேன் மாமாவுக்குக் குடுப்பாக."

வாசலைப் பார்த்து நடந்தேவிட்டேன்.

"பீடிய விட்டா அவ எதுக்கு தாயி வருவா?" பெரியவரின் குரல் உடைந்தது. "போயிருவா."

அந்தச் சொல் என்னை நிறுத்தியது. பாவமாகவும் இருந்தது, கோபமும் வந்தது. கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. கட்டிலோரம் உட்கார்ந்து காலி நாற்காலியைப் பார்த்துப் பேசினேன்.

"ஆத்தா, நீங்க பாசத்துலதேன் குடுக்குறீக. ஆனா அதுதேன் அவுக கைய முடக்குது. பீடி கேட்டா குடுக்காதீக. பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சு நீவி விடுங்க. ஏக்கம் அடங்குற வரைக்கும் புடிச்ச கைய விடாதீக."

எல்லா வீட்டுப் பெண்களிடமும் நான் சொல்கிறதுதான். பேசி முடித்தபோது நாற்காலியின் கால்கள் மண்ணில் மெல்ல அழுந்தின. நானும் சினேகாவும் அதைப் பார்த்தோம்.

புரட்டாசி கடைசியில் பெரியவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஊதச் சொன்னேன். மூச்சில் புகையே இல்லை. வீக்கம் வடிந்திருந்தது. மாத்திரை இப்போதுதான் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டர். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. ஆனால் கேட்கத்தான் பயமாக இருந்தது.

"அப்ப... அவுக போயிட்டாகளாய்யா?"

பெரியவர் வெட்கத்தோடு சிரித்தபடி வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வெற்றிலைச் சிவப்பில் விரல் தடங்கள், ஈரம் காயாமல் இருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சதை குழிந்து குழிந்து எழுந்தது.

"பீடிய நான் விட்டுட்டேன் தாயி. அவதேன் கைய விட மாட்டேங்குறா."