கோயில் இல்லாத வழி

பாலித் தீவுக்குப் போய் ஒரு கோயிலுக்குள்ளும் நுழையாமல் திரும்பிய ஆட்கள் திருநெல்வேலியில் நானும் அப்பாவும் மட்டும்தான் இருப்போம். அந்தத் தீவே கோயில்களைக் காட்டித்தான் பிழைக்கிறது. கடல் பாறைமேல் ஒன்று, ஏரிக்கு நடுவே ஒன்று, மலைச்சரிவில் அடுக்கடுக்காகப் பல. அம்மா இத்தனையையும் கைபேசியில் பார்த்துவைத்துக்கொண்டு, அப்பா வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் போவதற்காக எங்கள் மூன்று பேருக்கும் பயணம் ஏற்பாடு செய்திருந்தாள். மார்ச் மாதம் டவுண் ரத வீதியில் ஒரு துணிக்கடையில் ரவிக்கைத் துணி பார்த்துக்கொண்டிருந்தவள், தலையைச் சுற்றுகிறது என்று முக்காலியில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. கர்மம் எல்லாம் அப்பாவே செய்தார். முன்பெல்லாம் ஒரு வருஷம் கழித்துத்தான் இறந்தவரை முன்னோர்களோடு சேர்த்துவைப்பார்களாம். இப்போது யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது, பன்னிரண்டாம் நாளே சேர்த்துவிடுகிறார்கள். அப்பாவும் சேர்த்தார். ஹரிஹரசுப்பிரமணியன் ஒரு குறை வைக்காமல் முடித்துவிட்டார் என்று உறவுக்காரர்கள் மெச்சிக்கொண்டே பாயசம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அவர்கள் இலையைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை, இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

அதோடு அப்பா அம்மாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். வீட்டில் அவளை வாய்க்கு வாய் "லச்சு" என்று கூப்பிட்டு, சொந்தக்காரர்களின் கேலிக்கெல்லாம் ஆளான மனிதர். இப்போது மாதாமாதம் திதியில் சாஸ்திரிகள் சொல்லச் சொல்ல, கோத்திரத்தோடு "மஹாலக்ஷ்மி" என்று ஒப்பிப்பதோடு சரி. மற்ற நாட்களில் தண்ணீர் வரவில்லை, கேஸ் தீர்ந்தது என்பது போலப் பேச்சு. நான் சென்னை வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலகம் இனிமேல் நேரில் வரச்சொல்லிவிட்டது. பாலியிலிருந்து வந்ததும் கிளம்ப வேண்டும். அவர் ஒரு தடவையாவது அம்மாவைப் பெயர் சொல்லி அழுதுவிட்டால் தனியாக விட்டுப்போகலாம் என்று நினைத்தேன். எனக்கே அழுகை வரவில்லை என்பது வேறு விஷயம். வரும் வரும் என்று காத்திருந்து அலுத்துவிட்டது.

பயணத்தை ரத்து செய்வதற்கு யாருக்காவது ஃபோன் பண்ணியாக வேண்டும். போவதற்கு எதுவும் செய்ய வேண்டாம். அதனால் போனோம். துக்க வருஷத்தில் கோயிலுக்குத்தான் போகக்கூடாது, ஊர் சுற்றினால் தோஷமில்லை என்று சாஸ்திரிகளும் சொல்லிவிட்டார். விமானத்தில் எங்கள் இருவருக்கும் நடுவில் ஓர் இருக்கை காலியாக வந்தது. பணிப்பெண் அதன்மேல் போர்வைகளை அடுக்கிவைத்தாள்.

முதல் நாள் கடல் கோயில். கார் நிறுத்துமிடத்திலேயே அப்பா நின்றுவிட்டார். "நான் வரப்படாது. நீ போய்ப் பாத்துட்டு வா" என்றார். நானும் போகவில்லை. இரண்டு பேரும் காருக்கே திரும்பியதைப் பார்த்து டிரைவர் கெதுத்துக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்பது வயதிருக்கும், தலையில் ஒரு துணியை முடிந்து கட்டியிருந்தான். உடம்பு சரியில்லையா என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டான். இல்லை, வீட்டில் சாவு, கோயிலுக்குள் போகக்கூடாது என்றேன். வெளிநாட்டில் இதை விளக்கும் அலுப்பு எனக்கு அப்போதே வந்துவிட்டது. ஆனால் அவன் விளக்கமே கேட்கவில்லை. கோயில் வாசல் பலகையைக் காட்டி, சாவு வீட்டுக்காரர்கள் உள்ளே வரவேண்டாம் என்றுதான் அங்கும் எழுதியிருக்கிறது என்றான். பிறகு அப்பாவைப் பார்த்து, இறந்தது யார் என்று கேட்டான். நாங்கள் கிளம்பியதிலிருந்து அதைக் கேட்ட முதல் ஆள் அவன்தான். அப்பா கார்க் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். நான் சொன்னேன்.

மறுநாளிலிருந்து கெதுத், என் அம்மா பட்டியல் போட்டுவைத்த இடங்களை விட்டுவிட்டு கோயில் இல்லாத வழிகளாகப் பார்த்து ஓட்டினான். அங்கே அது லேசான காரியமில்லை, முக்குக்கு முக்கு கோபுரம். மீன் ஏலம் போடும் ஒரு கரை, உப்புக் காய்ச்சும் ஒரு கிராமம், பன்றிச் சந்தை என்று கொண்டுபோனான். பன்றிச் சந்தையில் அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு காரிலேயே இருந்தார். இன்னொரு நாள் மலையோரமாக வாய்க்கால் ஓடும் நெல்வயல்கள். நம் பக்கத்து வயல்தான், படி கட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். அப்பா வாய்க்கால் மடையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு" என்றார்.

கடைசி நாள், காட்டுவதற்கு இனி இடமில்லை, என் ஊருக்கு வருகிறீர்களா என்றான் கெதுத். மறுப்பதற்கும் தெம்பு வேண்டுமே, சரி என்றோம். அவன் வீட்டில் இளநீர் குடித்தோம். பிறகு ஒரு பனையோலைத் தட்டில் பூவும் சோறும் எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே ஒரு பெரிய மரத்தடிக்குக் கூட்டிப்போனான். அது இடுகாடு. சின்னச் சின்ன மண்மேடுகள், மேலே புல் முளைத்திருந்தது. அதில் ஒன்று அவனுடைய அம்மா. இறந்து மூன்று வருஷமாகிறதாம்.

அவர்களும் எரிக்கிறவர்கள்தான் என்றான். ஆனால் எரிப்பது பெரிய சடங்கு, ஒரு குடும்பத்தால் தனியாக முடியாது. அதனால் முதலில் புதைத்துவைத்துவிட்டு, ஊர் மொத்தமும் சேர்ந்து ஒரு நாள் குறித்து எல்லோரையும் எடுத்து எரிப்பார்களாம். இறந்தவர்கள் அதுவரைக்கும் ஊரை விட்டுப் போகமாட்டார்கள். அவனும் சவாரி முடிந்து வரும்போதெல்லாம் இங்கே நின்று, இன்றைக்கு யார் வந்தார்கள், எங்கே போனோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவானாம். அடுத்த வருஷம் எரிக்கப்போகிறார்கள். இப்போது நினைத்தாலே கஷ்டமாக இருக்கிறது என்றான்.

தட்டை வைத்துவிட்டு அவன் பாஷையில் ஏதோ பேசினான். எங்களைப் பற்றித்தான். பிறகு அப்பா பக்கம் திரும்பினான்.

"உங்க மனைவி பேர் என்ன? எங்க அம்மா கேப்பாங்க."

அப்பா தன்னையறியாமல் பூணூலை வலத்தோளுக்கு மாற்றினார். உள்ளங்கையை எள்ளும் தண்ணீரும் விடுகிற மாதிரி சாய்த்துக்கொண்டு, கோத்திரத்தைச் சொல்லி, மஹாலக்ஷ்மி என்று வட்டியும் முதலுமாக முழுசாக ஒப்பித்தார். கையில் எள்ளும் இல்லை, தண்ணீரும் இல்லை. எனக்கு அவமானமாகவும் இருந்தது, அவரைப் பிடித்து உலுக்கலாம் போலவும் இருந்தது.

கெதுத் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான்.

"அது பாஸ்போர்ட் பேரு. வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?"

அப்பாவின் கை அப்படியே சாய்ந்து நின்றது. பிறகு அதைக் கீழே இறக்கி, "லச்சு" என்றார். கெதுத் மண்மேட்டைப் பார்த்து அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னான். அவன் வாயில் அது கொஞ்சம் கோணலாக வந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். "பன்னெண்டே நாள்ல அனுப்பிச்சுட்டேன் சுப்ரியா. ஒரு வருஷம் அவள வெச்சுண்டிருக்கலாம், சாஸ்திரத்துலயே இடம் இருக்கு. எல்லாரும் சீக்கிரம் முடிச்சுடுங்கோன்னா, நானும் சரின்னுட்டேன். லீவு போட்டவா எல்லாம் ஊருக்குப் போகணும்னு."

அழவில்லை. இடுகாட்டுக்குப் போனால் குளிக்க வேண்டும் என்று வாய்க்காலைத் தேடிப் போய், வேட்டியோடு முங்கினார். நான் கரையில் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் முங்கி முங்கி எழுந்தார், நான் எண்ணவில்லை.

ஊருக்கு வந்த வாரமே திதி வந்தது. குறுக்குத்துறை ஆற்றில் குளித்துவிட்டு வந்து ஈர வேட்டியோடு அப்பா உட்கார்ந்தார். சாஸ்திரிகள் அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரத்தில் மளமளவென்று மந்திரம் சொல்லிக்கொண்டே வந்து, பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் நிறுத்தினார்.

"லச்சு" என்றார் அப்பா.

"மஹாலக்ஷ்மின்னு சொல்லணும்."

"அந்தப் பேரச் சொன்னா அவ திரும்பியே பாக்க மாட்டா, மாமா. அவளப் பன்னெண்டு நாள்ல அனுப்பிச்சேளே, இப்போ நான் கூப்பிடறது அவ காதுல விழணும். லச்சு."

சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் உடைந்தது. எள் பிடித்த கையோடு குலுங்கிக் குலுங்கி அழுதார். சாஸ்திரிகள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அப்பா ஓய்ந்த பிறகு, அந்தப் பெயரையே வைத்து மந்திரத்தைத் தொடர்ந்தார்.

நான் அடுக்களையில் நின்று சென்னைக்கு ரயில் டிக்கெட் போட்டேன். எங்கிருந்து ஏறுகிறேன் என்று கேட்ட இடத்தில் எழுத்து தெரியாமல் கண்ணை மறைத்தது. முந்தானையால் துடைத்துவிட்டுத் திருநெல்வேலி என்று அடித்தேன்.