வீரணன் கேட்ட வார்த்தைகள்

வகுப்பு தொடங்க இன்னும் கால் மணி இருந்தது. வீரணன் முதல் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதினார் என்பது சரியில்லை, வரைந்தார். கண்ணை மூடுவார், எதையோ உள்ளே பார்ப்பார், திறந்து ஓர் எழுத்தைப் போடுவார், மறுபடி மூடுவார். ஆறு எழுத்து ஆனதும் சிலேட்டைத் தள்ளிப் பிடித்துச் சரிபார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினார்.

“இது என்னது தம்பி?”

கிரவுண்ட் என்று வாசித்தேன். தரை என்று அர்த்தம் சொன்னேன். அவர் உள்ளங்காலைத் தரையில் அழுத்திப் பார்த்துவிட்டு, இது மட்டும்தானா, வேறு அர்த்தம் உண்டா என்று கேட்டார். எனக்கு நிச்சயமில்லை. வாத்தியார் வரட்டும் என்றேன்.

இது 1943 ஆவணி கடைசியில். டைரியில் தேதி இருக்கிறது. போடி கடைவீதிக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரை முதல் எட்டு வரை ஞானசிகாமணி வாத்தியார் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார். நான் ஏலக்காய் மண்டியில் பெட்டிகளுக்கு விலாசம் எழுதுகிறவன். இங்கிலீஷ் பரீட்சையில் ஒரு தடவை தோற்றவன். அதனால் எதையும் எழுதி வைத்துக்கொள்வேன். இடது பக்கம் தேதியும் வார்த்தையும், வலது பக்கம் அர்த்தங்கள். யார் கேட்ட வார்த்தை என்பதையும் ஓரத்தில் குறிப்பேன். அந்தப் பழக்கத்தால் யாருக்கு என்ன லாபம் என்று இப்போது யோசிக்கிறேன்.

வகுப்பில் மீசை நரைத்தவர் வீரணன் ஒருவர்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு மைலில் மானாவாரி நிலம், கடலையும் சோளமும். ஒரே மகன் சின்னக்கருப்பு, சண்டைக்காக ரோடு போடும் படையில் சேர்ந்து சித்திரையில் அஸ்ஸாம் போயிருந்தான். இந்த வயதில் இங்கிலீஷ் எதற்கு என்று கேட்டவர்களிடம், கடலை விதை விற்கிற கம்பெனிக்காரன் இங்கிலீஷில் எழுதுகிறான் என்று சொல்லி வைத்திருந்தார். எங்களோடு படித்த ஜவுளிக்கடை பொன்னுராஜ் விடமாட்டான்.

“என்ன பெரியவரே, கலெக்டர் ஆபீசுக்கு மனு போட்டாச்சா?”

“போட்டாச்சுப்பா. ஒன்னையத்தான் டவாலி கட்டிச் சேவகனா வாசல்ல நிப்பாட்டப் போறேன்.”

வாத்தியாருக்குப் பல அர்த்தமுள்ள வார்த்தைகள் என்றால் உயிர். ஒரு வார்த்தைக்கு ஒரே அர்த்தம் என்று நம்புகிறவன் பரீட்சையில் தேறமாட்டான் என்பார்; என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வார் என்று எனக்குத் தோன்றும். அன்று கிரவுண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். தரை, பிள்ளைகள் விளையாடும் மைதானம், ஒரு பேச்சுக்கு அடிப்படையான காரணம், காப்பிக்கொட்டையை அரைத்து முடித்தால் அதுவும் கிரவுண்ட். ஒவ்வொன்றுக்கும் வீரணன் ஒரு விரலை மடக்கினார். நாலாவது விரல் மடங்கியபோது முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வேறு உண்டா ஐயா என்றார். வாத்தியார் மகிழ்ந்துபோய், கேட்கிறவன் இப்படிக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னார்.

அடுத்த வகுப்பில் பிளாண்ட். செடி, நடுவது, இயந்திரங்கள் ஓடும் ஆலை. அதற்கடுத்து கவர். மூடி, போர்வை, புத்தகத்தின் அட்டை, தபால் உறை, மறைப்பது, ஒளிந்துகொள்ள ஓர் இடம். கவருக்கு ஆறு அர்த்தம் கிடைத்த அன்று வீரணன் என்னோடு கடைவீதி முனை வரை பேசிக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தைக்குள் இத்தனை இருக்கும் என்று தெரியாமல் இவ்வளவு நாள் இருந்துவிட்டதாகச் சொன்னார். ஒளிந்துகொள்ள இடம் என்பதை மட்டும் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார்.

பிளாண்ட் என்று அவர் போட்டபோதே எனக்கு உறுத்தியது. வாத்தியார் பலகையில் சின்ன ஏ எழுத்தை வட்டமும் கோடுமாகத்தான் எழுதுவார். வீரணன் போட்ட ஏயின் தலைக்கு மேல் கொக்கி வளைந்திருந்தது. மற்ற எழுத்துகளின் காலடியில் சின்னச் சின்னக் கோடுகள். அது டைப் அடித்த எழுத்து. மண்டிக்குப் பம்பாயிலிருந்து வரும் கடிதங்களில் தினமும் அதைப் பார்க்கிறேன். அவர் வீட்டில் ஒரு டைப் அடித்த கடிதம் இருக்கிறது, அதிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாக மனதில் எடுத்து வருகிறார் என்பது அப்போதே புரிந்திருக்க வேண்டும். எனக்கு எது புரிந்தாலும், புரிந்தது சரிதானா என்று பார்க்கவே ஒரு மாதம் ஆகிவிடும்.

ஐப்பசி பிறந்த பிறகு டைரியில் அவர் கேட்டவற்றை மட்டும் தனியாக ஒரே வரியில் எழுதிப் பார்த்தேன். வாத்தியார் சில்லறை என்று ஒதுக்கிய சின்ன வார்த்தைகளை நடுவில் போட்டேன். மழை, கிரவுண்ட், மேலே, கல், பிளாண்ட், ஒன்பது, ஆட்கள், கவர். பேனாவை மூடி வைத்துவிட்டேன். தப்பாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். என் வாக்கியங்கள் எப்போதும் தப்பாகத்தானே இருக்கும்.

ஏன் அவர் கடிதத்தை யாரிடமும் கொடுக்கவில்லை என்பதையும் அன்றுதான் யோசித்தேன். சாவுச் சேதி காதில் விழுந்தால் நின்ற இடத்திலிருந்து போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்வது அவர்கள் வழக்கம். அதற்குப் பிறகுதான் அது சாவு வீடு. அதற்குப் பிறகுதான் மற்றவை எல்லாம், தாலி, பூ, வளையல். மருமகள் ராமுத்தாய் மாசமாக இருந்தாள். பண்ணைப்புரத்திலிருந்து அவள் ஆட்கள் கார்த்திகையில் கட்டுச்சோறு கொண்டுவந்து வளையல் போடுவதாக இருந்தார்கள். ஒரு வாய் முழுதாக வாசித்தால்தான் சேதி. வார்த்தை வார்த்தையாக, பதினைந்து நாளுக்கு நாலு என்று வந்தால் அது பாடம். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை, நாங்கள் கோயிலுக்குப் போய் ஜெபிப்பவர்கள். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். தெரியும்.

அந்த வாரம் வியாழக்கிழமை அவர் போட்ட வார்த்தை ரிக்ரெட். வாத்தியார் அதைப் பார்த்து, வருத்தம் என்றார். வீரணன் ஒரு விரலை மடக்கிவிட்டுக் காத்திருந்தார்.

“வேற ஐயா?”

“வேற இல்ல வீரணன். வருத்தம், அம்புட்டுத்தான்.”

“வேற ஒண்ணுமே கெடையாதா?”

வாத்தியார் பெரிய அகராதியை எடுத்துப் புரட்டினார். அவர் எப்போதும் அப்படித்தான், மனசாட்சிக்காரர். சுற்றிச் சுற்றி அதுதான் போட்டிருக்கிறது என்றார். வீரணன் மடக்கிய விரலை நிமிர்த்தவில்லை. வகுப்பு முடியும் வரை அந்தக் கையை மடியிலேயே வைத்திருந்தார். அடுத்த இரண்டு வகுப்புக்கும் வரவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் விட்டுப்போன பாடத்தை எழுதி எடுத்துக்கொண்டு அவர் ஊருக்கு நடந்தேன். பாடம் கொடுக்கத்தான் போகிறேன் என்று அன்று காலையில் டைரியில் எழுதியிருக்கிறேன். நாலு நாள் மழை விட்டு வெயில் அடித்தது. ராமுத்தாய் வாசலில் கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். வயிறு தெரிந்தது. மாமா கொல்லையில் கடலை பிடுங்குவதாகச் சொல்லி, உட்காரச் சொல்லி, சொம்பில் மோர் கொடுத்தாள்.

“அண்ணே, நீங்கதான் டைரி எழுதுற சுந்தர்ராஜா? மாமா சொல்லுவாக, அந்தத் தம்பி தும்முனாக்கூட தேதி போட்டு எழுதி வச்சுக்கிருமுன்னு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும்தான். மாமா படிக்கிற பாடமெல்லாம் தனக்கும் தெரியும் என்றாள். களை வெட்டும்போதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருப்பாராம். கடலையை ஆய்ந்துகொண்டே ஒப்பித்துக் காட்டினாள்.

“கிரவுண்டுன்னா தரை, வெளாடுற எடம், காரணம், அரைச்சது. பிளாண்டுன்னா செடி, நடுறது, மிசினு இருக்குற எடம். கவர்னா மூடுறது, போர்வை, அட்டை, தபால் கூடு, மறைக்கிறது, ஒளியிற எடம். சரியா?”

ஒன்று விடாமல் சரி. நான் ஒரு மாதம் எழுதி எழுதிப் படித்தது.

பிறகு அவள் குரல் தணிந்தது. பத்து நாளாக மாமாவுக்கு என்னவோ போல இருக்கிறது என்றாள். போன வியாழனுக்கு முந்தின வியாழக்கிழமை வகுப்பு விட்டு வந்தவர் வீட்டுக்குள் வராமல் நேராகக் கிணற்றுக்குப் போய், வேட்டியோடு தலைக்கு ஊற்றிக்கொண்டாராம். என்ன மாமா என்று கேட்டதற்கு, புழுக்கம் என்றாராம். அன்றைக்கு நல்ல மழைக்காற்று.

மோர்ச் சொம்பைக் கீழே வைத்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. கேட்க வேண்டியதைக் கேட்டு, முழுக வேண்டியதை முழுகிவிட்டு, மறுநாள் மண்வெட்டியோடு கொல்லைக்குப் போயிருக்கிறார்.

நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருப்பதற்குள் அவள் உள்ளே போய், பரணில் சோளப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு நீளமான தபால் உறையைக் கொண்டுவந்தாள். அது அங்கே இருப்பது ஆவணியிலிருந்தே தனக்குத் தெரியும் என்றாள்.

“அங்கன எவளையாச்சும் சேத்துக்கிட்டாரா அண்ணே? அதத்தான் இவுக மறைக்கிறாகளா? என்னன்னாலும் நா வஞ்சுட்டுப் பேசாம இருந்துருவேன். இப்பிடித் தெரியாம இருக்குறதுதான் முடியல.”

சிரிக்கப் பார்த்தாள். எனக்கு இங்கிலீஷ் சரியாக வாசிக்கத் தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். அது பெரிய பொய்யும் இல்லை. ஆனால் நான் கையை நீட்டினேன். சின்னக்கருப்பு மேல் பழி விழக்கூடாது என்றுதான் நீட்டினேன் என்று பல நாள் எனக்கே சொல்லியிருக்கிறேன். உண்மை அது மட்டுமில்லை. என் டைரியில் ஒரு வரி இருந்தது. அது சரியா என்று பார்க்க வேண்டியிருந்தது.

மனதுக்குள் வாசிக்க எனக்கு வராது. உதடு அசைந்தால்தான் வார்த்தை பிடிபடும். இங்கிலீஷில் வாசித்தால் என்ன, அது யார் காதிலும் விழுவதாகாது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நாள் மழையில் கல் உடைக்கும் பிளாண்டுக்கு மேலேயிருந்த கிரவுண்ட் சரிந்து ஒன்பது ஆட்களைக் கவர் செய்துவிட்டது என்று இருந்தது. இங்கிலீஷ் வரிசையில் பார்த்தால் என் வரியில் கவர் மட்டும்தான் இடம் மாறியிருந்தது. அடுத்த வரியில் சின்னக்கருப்பின் பெயர். கடைசியில் ரிக்ரெட். வாசித்து முடித்து நிமிர்ந்தேன்.

அவள் கையில் ஆய்ந்த கடலை ஒன்று அப்படியே இருந்தது.

“கிரவுண்டுன்னா தரை,” என்றாள். “பிளாண்டுன்னா மிசினு இருக்குற எடம்.”

நான் கடிதத்தைக் கீழே இறக்கினேன்.

“கவர்னா மூடுறது. தரை மூடிருச்சா அண்ணே?”

நான் கடிதத்தை மடித்தேன். மடிப்பு சரியாக வரவில்லை. திரும்ப விரித்து மடித்தேன்.

“கடைசியில ரிக்ரெட்டுன்னு ஒண்ணு வாசிச்சீக. அது மட்டும் மாமா சொல்லலையே.”

பக்கத்தில் கோழி ஒன்று கடலைக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தது. அவள் அதை விரட்டவில்லை. கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி உள்ளே போய், பானை நகரும் சத்தம் கேட்டது, திரும்பி வந்தாள். அழுவாள் என்று பயந்து நின்றேன். அவள் வெயிலை நிமிர்ந்து பார்த்தாள். சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது போல.

“மாமா வர்றதுக்குள்ள தலை காயணும்,” என்றாள். கயிற்றையும் வாளியையும் எடுத்துக்கொண்டு வயிற்றைத் தாங்கியபடி கிணற்றுப் பக்கம் போனாள்.

நான் வந்த வழியே நடந்தேன். பத்து எட்டு வைப்பதற்குள் முதல் வாளி கொட்டும் சத்தம் கேட்டது. பாதை வளைவில் எதிரே ஒரு கடலைச்செடிக் கட்டு நடந்து வந்தது. தலையும் கண்ணும் மறைய இலையும் வேரும் தொங்கின; கீழே வீரணனின் கால்கள். அவரால் என் செருப்பை மட்டும்தான் பார்க்க முடிந்திருக்கும். யார், சுந்தர் தம்பியா என்று கட்டுக்குள்ளிருந்து கேட்டார்.

ஆமாம் என்றேன். வழியை விட்டு விலகவில்லை. இரண்டு வகுப்பு விட்டுப்போனது, பாடம் கொண்டுவந்தேன் என்றேன். வீட்டில் உட்கார்ந்து பேசலாமே என்றார். எனக்கு மண்டியில் வேலை இருக்கிறது, இங்கேயே சொல்லிவிடுகிறேன் என்றேன். சுமையை இறக்கச் சொல்லியிருக்கலாம். இறக்கினால் கண் தெரியும்.

“சொல்லுங்க தம்பி,” என்றார்.

பேங்க் என்றேன். ஆற்றங்கரை. அவர் கட்டைப் பிடித்திருந்த ஒரு கையை எடுத்து, ஒரு விரலை மடக்கினார். பணம் போட்டு வைக்கும் இடம். இன்னொரு விரல். பின்னால் வாளி கிணற்றில் இறங்கும் சத்தம், ஏறும் சத்தம். இன்னும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இல்லாத அர்த்தங்களைத் தேடிக்கொண்டு நின்றேன். அவர் எதுவும் கேட்கவில்லை, நகரவும் இல்லை. அவர் தலைக்கு மேல் புதிதாகப் பிடுங்கிய வேர்களிலிருந்து ஈரமண் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, அவருடைய தோளிலும் நெஞ்சிலும் விழுந்துகொண்டிருந்தது.