கம்பளி ஆலையின் இரண்டு கதவுகள்

அந்தக் கட்டடம் வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் அன்றைக்கு நான் அங்கே போனேன். வீட்டில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். ரோஸேர் காதில் எதுவும் ஏறவில்லை. ஆளை அந்த இடத்திலேயே நிறுத்தி, இதோ பார் ஈரம், இதோ பார் எலி என்று விரலை நீட்டிக் காட்டினால்தான் புத்தி வரும் என்று நினைத்தேன்.

ரோஸேர் என் புருஷன். தச்சு வேலை செய்கிறவன். பழைய களஞ்சியம், பழைய கூரை, பழைய படிக்கட்டு, எதைக் கண்டாலும் ஆசையாகத் தடவிப் பார்ப்பான், என்னைத் தவிர. பிறந்தது மலைமேட்டு ஊரில். அவனுக்கு ஆறு என்றால் பாலத்தில் வண்டி ஓட்டும்போது பக்கத்தில் தெரிகிற தண்ணீர், அவ்வளவுதான். நான் கரையில் பிறந்தவள். ஷோடியேர் ஆறு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

ஊர்க்கோடியில் ஆறு திரும்புகிற இடத்தில் அந்தக் கம்பளி ஆலை நிற்கிறது. கீழ்த்தளம் முழுக்கக் கருங்கல், அதற்கு மேல் இரண்டு தளமும் மரம். சுற்றுப்பட்டு ஊர்களின் ஆட்டு ரோமத்தையெல்லாம் ஒரு காலத்தில் சிக்கெடுத்துக் கொடுத்த இடம். மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. ரோஸேர் அதை வாங்கிப் புதுப்பித்து, மாடியில் நாங்கள் குடியிருப்பது, கீழே என் பார்லரை வைப்பது என்று மனக்கோட்டை கட்டியிருந்தான். "ஆட்டு முடியச் சிக்கெடுத்த எடம்தானே. இனிமே பொம்பளைங்க முடியச் சிக்கெடுக்கட்டும்" என்பான். அதைச் சொல்லிவிட்டு அவனே சிரிப்பான்.

அதை வாங்க வேண்டும் என்றால் என் வீட்டை விற்க வேண்டும். என் வீடு என்றால் என் வீடு. கத்தரிக்கோல் பிடித்து நான் சம்பாதித்து, மேட்டுத் தெருவில், தண்ணீர் எட்டாத உயரமாகப் பார்த்து வாங்கியது. முன்னறையில் என் பார்லர். நான் யார் தயவிலும் இல்லாமல் நிற்பதற்கு அந்த முன்னறைதான் காரணம். அதை விட்டுவிட்டு ஆற்றின் வாயில் போய் உட்கார எனக்கு என்ன பைத்தியமா?

அது ஏப்ரல். ஆற்றின் மேல் பனிக்கட்டி இன்னும் மூடிக் கிடந்தது, ஓரங்களில் மட்டும் கறுத்திருந்தது. வருஷா வருஷம் போல ஊரே பந்தயம் கட்டியிருந்தது. பாலத்துக்குக் கீழே பனிமேல் ஒரு சிவப்புப் பீப்பாயை வைப்பார்கள். பனி உடைந்து அது எந்த நாள், எந்த நேரம் நகர்கிறது என்று சரியாகச் சொன்னவருக்குப் பரிசு. இந்த வருஷம் முக்கால்வாசிப் பேர் ஞாயிற்றுக்கிழமை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள், பாதிரியார் உட்பட. அதனால் வியாழக்கிழமை போவதில் ஒரு பயமும் இல்லை என்று ரோஸேர் சொன்னான்.

"ஆறு உன் பந்தயச் சீட்டப் படிச்சுப் பாத்துட்டா வரும்?" என்றேன்.

"ஊரே சொல்லுது, ஞாயித்துக்கெழமன்னு."

"ஊரு போன வருஷமும்தான் சொல்லுச்சு. பரிசு யாருக்குப் போச்சு? தேதியத் தப்பா எழுதுன தபால்காரனுக்கு."

கட்டடத்தின் சொந்தக்காரன் கிளேர்மோ எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தான். மொண்ட்ரியாலில் வங்கி வேலை பார்க்கிற இளவட்டம். பெரியப்பா இறந்து போனதில் இந்த ஆலை அவன் தலையில் விழுந்திருந்தது. பனி உருகிச் சேறாகிக் கிடக்கிற காலத்தில், பளபளவென்று மெருகு போட்ட ஷூவோடு நின்றான்.

"என்ன தம்பி, கல்யாணத்துக்குக் கெளம்பி வழி தவறி வந்துட்டியா?"

"இவ்வளவு சேறா இருக்கும்னு யாரும் சொல்லலயே மேடம்."

"சொல்லிருந்தா வந்திருக்க மாட்டியே. அதான் சொல்லல."

ஆலை சரிவில் நிற்பதால், மேட்டுப் பக்கத்து வாசல் நேராக நடுத்தளத்துக்குள் போகிறது. கீழ்த்தளத்துக்கு உள்ளேயிருந்து படி இறங்க வேண்டும். குறை கண்டுபிடிக்க வந்தவள் நான். உள்ளே காலை வைத்துத் தலையை நிமிர்த்தியதும் வந்த வேலையே மறந்துபோயிற்று. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒட்டுப்போடாத உத்தரங்கள். ஒவ்வொன்றும் ஒரு முழுப் பைன் மரம். கோடாலி கொத்திய தடம் இன்னும் அப்படியே இருந்தது. அந்த மாதிரி மரம் இப்போது எங்கள் காடுகளில் ஒன்றுகூட இல்லை. நான் குரலைத் தாழ்த்திப் பேசுகிறேன் என்பது சற்று நேரம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. பூசை நடக்கும்போது கோவிலுக்குள் நுழைந்தவள் போல இருந்தேன்.

நடுத்தளத் தரையின் மத்தியில் சதுரமாக ஒரு பெரிய ஓட்டை, சுற்றிலும் கைப்பிடிக் கட்டை. இரண்டு பக்கமும் துருப்பிடித்த சங்கிலிகள் வளையத்திலிருந்து கீழே இறங்கின. "கம்பளி மூட்ட தூக்குறதுக்கு" என்றான் ரோஸேர்.

கீழே இறங்கினோம். கல்சுவரும் கல்தரையும்தான். தடுப்பு இல்லை, அலமாரி இல்லை, ஒரு ஆணிகூட இல்லை. ஆறு வருகிற வரத்துப் பக்கத்துச் சுவரில் மாட்டுவண்டி நுழைகிற அகலத்துக்கு ஒரு கதவு. ஆறு போகிற பக்கத்துச் சுவரில் அதற்கு நேர் எதிரே இன்னொரு கதவு. இரண்டுக்கும் உள்பக்கம் தடியான குறுக்குக்கட்டை. ரோஸேர் இரண்டையும் திறந்து திறந்து மூடிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான்.

"இங்க பாரு கிஸ்லேன். இது உள்பக்கமா தெறக்குது, அது வெளிப்பக்கமா தெறக்குது. கட்டுனவன் மத்தியானச் சோத்தோட ரம்மும் ஊத்திக்கிட்டிருக்கான்."

"நீ ஊத்திக்காமக் கட்டுன நம்ம கொல்லக் கதவே சாத்த மாட்டேங்குது. அவனச் சொல்ல வந்துட்ட."

"ரெண்டையும் எடுத்துட்டு சிமென்ட் வச்சு அடைச்சிரலாம். அரை ஆள் ஒசரத்துக்குத் தார் பூசிட்டா, சொட்டுத் தண்ணி உள்ள வராது. இந்தப் பக்கம் ஒன் கண்ணாடிங்க, அந்தப் பக்கம் தல அலசுற தொட்டி…"

என் பேச்சை ஆரம்பிக்க இதுதான் நேரம் என்று இடுப்பில் கையை வைத்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. தூரத்தில் சரக்கு ரயில் வருகிற மாதிரி. எங்கள் பக்கம் ரயில் ஓடுவது கிடையாது. அடுத்தாற்போல ஊரில் தீயணைப்பு நிலையத்துச் சங்கு ஊதியது. சிவப்புப் பீப்பாய் கிளம்பிவிட்டது.

மேலே ஓடி ஜன்னலில் நின்றோம். ஆறு முதுகைத் தூக்கியது. கரைக்குக் கரை மூடிக் கிடந்த பனி வெடித்து, சமையலறை அளவுக்குப் பாளம் பாளமாக எழுந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் புரண்டு வந்தது. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சிதான், ஆனால் மேட்டுத் தெருவிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பக்கத்தில், காலடியில் கட்டடம் அதிர அதிர நான் பார்த்ததே இல்லை. கிளேர்மோ சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். நானும் போட்டேன்.

ஆலையைத் தாண்டித் திருப்பத்தில் பாளங்கள் மாட்டிக்கொண்டன. பின்னால் வந்தவை அதில் முட்டி அணைபோல நின்றன. தண்ணீர் போக வழியில்லாமல் ஏறத் தொடங்கியது. ரோஸேரும் கிளேர்மோவும் கீழே ஓடி இரண்டு கதவுக்கும் குறுக்குக்கட்டையை இறக்கி, நடுத்தளத்திலிருந்து அள்ளிக்கொண்டு போன பழைய ரோமச் சாக்குகளைக் கதவடியில் திணித்தார்கள். வெளியே எட்டிக் கதவை இழுத்ததில் கிளேர்மோவின் ஷூ ஒன்று வாசல் சேற்றோடு போயிற்று. மேலே வந்து ரோஸேர் மூச்சு வாங்க, "சொட்டு வராது" என்றான்.

சொட்டு வரவில்லைதான். வெளியே தண்ணீர் இடுப்பளவுக்கு வந்தது, நெஞ்சளவுக்கு வந்தது. உள்ளே தரை காய்ந்தே கிடந்தது. ஆனால் கட்டடம் முனக ஆரம்பித்தது. உத்தரங்களுக்குள்ளிருந்து அடிபட்ட மாடு போல ஒரு ஓசை. ஓட்டை வழியாகப் பார்த்தேன். வரத்துப் பக்கத்துக் கல்சுவர் மெல்ல உள்ளே புடைத்துக்கொண்டிருந்தது.

"வெளிய போயிரலாம். வாங்க ரெண்டு பேரும்" என்று ரோஸேர் மேட்டு வாசலைத் திறந்தான்.

போயிருக்கலாம். நான் வாயே திறக்காமல் ஆறு என் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தது. கட்டடம் விழும், என் வீடு எனக்கு, ரோஸேர் சாகும்வரை இந்தப் பேச்சை எடுக்க மாட்டான். எனக்கு வெற்றிதான். ஆனால் தலைக்குமேல் அந்த மரங்கள் நடுங்குவதைப் பார்த்தபோது இது விழக் கூடாது என்று இருந்தது. அவ்வளவு ஆத்திரமாக நான் எதையும் வேண்டிக்கொண்டதில்லை.

சின்ன வயசில் நாங்கள் கரையில் குடியிருந்தோம். இப்படி ஒரு ஏப்ரலில் அப்பா எல்லா இடுக்கிலும் துணி அடைத்து, கதவில் தோளைக் கொடுத்து நின்றார். கதவு கடைசிவரை உடையவில்லை. வீடுதான் உடைந்தது. எங்களைப் படகில் ஏற்றியபோதும் அவர் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கிலிகளைப் பார்த்தேன். மூட்டை தூக்குவதற்கு என்றால் ஓட்டைக்கு நேராக அல்லவா தொங்க வேண்டும்? ஒன்று கீழ்த்தளத்துக் கூரையோரமாகவே போய் வரத்துக் கதவின் குறுக்குக்கட்டையில் மாட்டியிருந்தது. மற்றது அந்தப் பக்கத்துக் கதவுக்குப் போனது. வரத்துக் கதவு உள்பக்கம் திறக்கும். எதிர்க் கதவு வெளிப்பக்கம் திறக்கும். இரண்டும் ஆறு போகிற பக்கம் திறக்கும்.

"ரோஸேர், அவன் குடிக்கல" என்றேன்.

"யாரு?"

"இதக் கட்டுனவன். அந்தச் சங்கிலியப் பிடி. கதவத் தெறக்கணும்."

"ஒனக்கு என்ன, கிறுக்கு பிடிச்சிருச்சா? தண்ணிய உள்ள விடச் சொல்றியா?"

"உள்ள விடல. போக விடச் சொல்றேன். பிடிய்யா."

என் முகத்தில் என்ன பார்த்தானோ, வாசலை விட்டு வந்து சங்கிலியைப் பிடித்தான். நான் மற்றதைப் பிடித்தேன். துரு கையை அறுத்தது. கிளேர்மோ ஒற்றை ஷூவோடு வந்து என் பின்னால் நின்று இழுத்தான். கட்டைகள் கிறீச்சிட்டு மேலே வந்தன.

வரத்துக் கதவு படாரென்று உள்ளே திறந்தது. கறுப்பாக, நுரையாக, பனியை அள்ளிக்கொண்டு ஆறு உள்ளே விழுந்தது. எதிர்ச் சுவரில் மோதிச் சுழன்று ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. கட்டடம் ஒரு உலுக்கு உலுக்கியது. கொன்றுவிட்டேன், நானே என் கையால் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது அந்தப் பக்கத்துக் கதவு தானாக, மெதுவாக, வெளியே திறந்தது.

ஆறு ஒரு பக்கம் வந்து மறு பக்கம் போயிற்று. முனகல் நின்றது. புடைத்த சுவர் இரண்டு பக்கமும் ஒரே அளவு தண்ணீரைத் தாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது. எங்கள் காலுக்குக் கீழே பனிப் பாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்து, சுவரில் லேசாக இடித்து, வழி கண்டுபிடித்து வெளியேறிப் போயின. பச்சையும் நீலமுமாக உள்ளுக்குள் வெளிச்சம் வைத்திருந்த பாளங்கள். ஒரு முழு மரம் வேரோடு வந்தது. யோசிப்பது போலத் தயங்கி, அதுவும் போயிற்று. ஒரு வீட்டுக்குள் ஆறு இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்ளும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் அடித்திருப்பேன். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ரோஸேர் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் சிமென்ட் வச்சு அடைச்சிருப்பேன்" என்றான் பிறகு. "நானே இதச் சாகடிச்சிருப்பேன். தச்சன்னு சொல்லிக்கிட்டு ஒரு கதவப் பாத்துச் சிரிச்சேன் பாரு. இதத் தொட எனக்கு யோக்கியத இல்ல. வா, போலாம். ஒன் வீட்ட விக்க வேணாம்."

இந்த வார்த்தையைக் கேட்கத்தான் நான் கிளம்பி வந்தேன். காதில் விழுந்தபோது இனிக்கவே இல்லை.

கிளேர்மோ தலையைத் தொங்கப் போட்டான். "கீழ்த்தளம் தண்ணிக்குன்னு தெரிஞ்சா இனி யாரு மேடம் வாங்குவா?"

"நாங்க வாங்குறோம்" என்றேன்.

ரோஸேர் நிமிர்ந்து பார்த்தான். "பார்லரு?"

"இந்தத் தளத்துல. மேட்டு வாசல் வழியா வருவாங்க. ஒரு படிகூட ஏற வேண்டாம்."

"அப்ப கீழ?"

"கீழ ஒண்ணும் கெடையாது. ஒரு நாக்காலி போட்டேன்னு வையி, ஒன்னயும் சேத்துத் தள்ளி விட்ருவேன். நீ அந்தச் சுவரச் சரி பண்ணு, சங்கிலிக்கு எண்ண போடு. அது போதும்."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "கிஸ்லேன், ஒனக்குப் பயமா இல்லயா?"

"இருக்கு. தண்ணி எட்டாத எடத்துல உக்காந்துக்கிட்டும் நான் இத்தன வருஷமா பயந்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

அவன் நகர்ந்து எனக்குப் பக்கத்தில் இடம் விட்டான். நான் உட்கார்ந்தேன். கிளேர்மோவும் வந்து உட்கார்ந்தான். கீழே ஆறு போவதைப் பொழுது சாயும்வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.